கணக்குத் திருத்தம்

கெர்த்து அவர்களுக்கு,
ஐம்பத்தெட்டாம் எண் எழுதுகிறேன்.
பெயர் வேண்டாம், எண் போதும் என்றீர்கள்.
எண்களோடு எனக்கு என்ன சண்டை?
தார்த்து நகரத்து ரொட்டி ஆலையில்
முப்பத்தாறு வருடம் கணக்கெழுதியவள்.
ஒரு காசு இடித்தால்
இரவு பத்தானாலும் அதைப் பிடித்த பிறகுதான்
கோட்டை மாட்டுவேன்.

போன அக்டோபரில்
பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்
நான்கு இலக்கம் வரவில்லை.
வீட்டு எண் வந்தது,
எண்பத்து மூன்றில் கம்பு மாவு மூட்டை என்ன விலை
என்பதுகூட வந்தது.
அது வரவில்லை.
பின்னால் நின்ற பையன் தொண்டையைச் செருமினான்.

அதனால்தான் உங்கள் ஆய்வுக்கு வந்தேன்.
திரையில் என் மூளையைக் காட்டி
கடற்குதிரைபோல் வளைந்த ஒரு துண்டைத் தொட்டீர்கள்:
வயதானால் இது சுருங்கும்,
இதயம் வேகமாக அடித்தால் ஒருவேளை
சுருங்காமல் இருக்கும்,
அந்த ஒருவேளையைத்தான் அளக்கிறோம்.
நான் கடற்குதிரை பார்த்ததில்லை.
என்னுடையது மெலிந்திருந்ததாகப் பட்டது.

உறையைப் பிரித்தோம்.
ஐதாவுக்கு நடை:
பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம்,
நாடியை எண்ணும் கடிகாரம்.
எனக்கு ஒரு மஞ்சள் ரப்பர் பட்டை.
நீட்டு, மடக்கு, மூச்சை விடு.
எந்தக் குழுவும் தாழ்ந்ததில்லை என்றீர்கள்,
ரொட்டி தீர்ந்த பின்
வரிசையின் கடைசி ஆளிடம் பேசும் குரலில்.

ஜனவரி எட்டாம் தேதி, மைனஸ் பதினொன்று,
பட்டையைக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டு
காலணிக்கு ஆணிப்பல் மாட்டி
ஆற்றோரம் இறங்கினேன்.
முதல் பாலத்தில் வாய்வழியாக மூச்சு.
இரண்டாம் பாலத்தில் காதுக்குள் இதயம்.
திரும்பி வந்து உங்கள் நாட்குறிப்பில்
'வேறு உடற்பயிற்சி' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதினேன்.

எழுபத்தொரு 'இல்லை' எழுதியிருக்கிறேன், கெர்த்து.
வாழ்நாளில் நான் எழுதிய பொய்க் கணக்கு அவ்வளவுதான்.

மே மாதச் சோதனையில் பதினைந்து சொல் சொன்னீர்கள்.
முன்பு ஒன்பதைத் திருப்பிச் சொன்னவள்
பன்னிரண்டு சொன்னேன்.
நீட்டல் குழுவில் இப்படியா என்று
உங்கள் புருவம் ஏறியது.
நான் ரப்பர் பட்டையைப் புகழ்ந்தேன்.

அன்றே பேருந்து நிறுத்தத்தில் ஐதா.
ஒரு நாள் விடவில்லை அவள்,
வீங்கிய முழங்காலோடு, ஆலங்கட்டி மழையில்.
அவளுக்குப் பத்து ஒன்பதாகியிருந்தது.
எனக்கு எத்தனை என்று கேட்டாள்.
ஞாபகமில்லை என்றேன்.

அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது.
என் வரிசை அந்தப் பக்கம் நிற்கிறது,
அவள் வரிசை இந்தப் பக்கம்.
இரண்டையும் கூட்டினால்
நடப்பதும் நிற்பதும் ஒன்று என்று வரும்.
யாரோ ஒருத்தி அதைப் படித்துவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

என் எண்ணை அடித்துவிடுங்கள்.
நடைக் குழுவுக்கும் மாற்ற வேண்டாம்.
கூடிய அந்த மூன்று சொல் கால் கொண்டுவந்ததா,
வசந்தம் கொண்டுவந்ததா,
எழுபத்தொரு பொய்யைக் குழப்பாமல்
மனதில் வைத்திருந்த பழக்கமா,
எனக்கே தெரியவில்லை.
பொய் சொல்பவளுக்குத்தானே ஞாபகம் அதிகம் வேண்டும்!

ஐதாவிடமும் சொல்லிவிட்டேன்.
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் காலை மணியடித்தாள்,
கடிகாரம் கட்டாத கையோடு.
இப்போது சேர்ந்து நடக்கிறோம்.
அவள் முழங்காலுக்காக மெதுவாக,
பாடவும் முடிகிற வேகத்தில்.
அவள் பாடவும் செய்கிறாள், சுதி இல்லாமல்.

நேற்று வளைவுப் பாலத்தில் ஏறும்போது,
வாத்துகளைப் பார்த்தபடி
எதையும் தேடாமல் இருந்தபோது
அந்த நான்கு இலக்கம் வந்தது.
இங்கே எழுத மாட்டேன்,
அதெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது.
வங்கி அதை மாற்றிக் கொடுத்து
ஏழு மாதம் ஆகிறது என்றாலும்.