இருநூற்றைம்பது

தண்டர் பே. ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில், துணி உலர்த்தியின் பக்கத்தில்,
பழைய சர்வரிலிருந்து புதியதற்கு
என் தபாலகத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
ஏழு பெட்டிகள். எனக்கு இரண்டு.
டயர் விற்கும் மச்சான் குகனேசனுக்கு ஒன்று.
கர்லிங் ஆடும் அடுத்த வீட்டு ஐலாவுக்கு ஒன்று.
மிச்சம் யாருடையவை என்று
சத்தியமாய் நினைவில்லை.

முதலில் முகவரியின் பழி.
எனக்குத் தந்த ஐ.பி. எண்ணில்
முன்பு குடியிருந்தவன்
ஆண்மை மாத்திரை விற்றிருக்கிறான்.
அவன் கடனுக்கு என் கதவைத் தட்டுகிறார்கள்.
நான்கு கறுப்புப் பட்டியல்களுக்கு எழுதினேன்:
வாடகைக்கு வந்தவள் ஐயா, அவனில்லை நான்.
மூன்று விட்டன.
ஒன்று பணம் கேட்கிறது.

பிறகு, என் பெயரில் யார் கடிதம் அனுப்பலாம் என்ற அறிவிப்பு.
ஒரே வரி.
இந்த இயந்திரம் மட்டும்;
வேறு எவர் அனுப்பினாலும் அது நானல்ல.
இப்படி ஒரு வரியை
வங்கியிலும் போட்டுவைக்க முடிந்திருந்தால்,
சரி, அதை விடுவோம்.

ஃபில்டருக்குப் புள்ளிக் கணக்கு. ஐந்தைத் தொட்டால் ஸ்பேம்.
பெரிய எழுத்தில் கத்தினால் ஒன்றரை.
தமிழில் பெரிய எழுத்தே இல்லை,
சித்தி எவ்வளவு கத்தினாலும் அதற்குக் கேட்காது.
ஆனால் தமிழாய் இருப்பதற்கே மூன்று புள்ளி,
பழக்கமில்லாத எழுத்தாம்.
வாய் திறக்குமுன்பே பாதிக்கு மேல் குற்றவாளி.
அந்த விதியை அழித்தேன்,
விசையைக் கொஞ்சம் பலமாகவே தட்டி.

முகமறியாத எவர் வந்தாலும்
'இப்போது முடியாது, பிறகு வா' என்று
ஐந்து நிமிடம் வாசலில் நிறுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு.
வியாபாரி திரும்பி வரமாட்டான்,
அவனுக்கு ஆயிரம் கதவு.
சொல்ல ஏதாவது இருப்பவன் வருவான்.
அதையும் போட்டேன். தேநீர் ஆறிவிட்டது.

பழைய விதிகளை வரிவரியாகப் பெயர்த்தேன்.
பதினேழாவது வரி:
அனுப்புநர் வசந்தரூபன் எனில், வீசிவிடு.
எழுதியவள் நான்தான்.
ஆறு வருடத்துக்கு முன்பு,
நான் வாங்காத கடனுக்கு
என் கையெழுத்தோடு கடிதம் வந்த இரவில்.

லாகில் அந்தப் பெயரைத் தேடினேன்.
நாற்பத்து மூன்று.
தேதி, நேரம், எடை. கடிதம் இல்லை, எடை மட்டும்.
பெரும்பாலும் இரண்டு கிலோபைட்,
ஓர் அரைப்பக்கம் வரும்.
ஒன்று மட்டும் நான்கு மெகாபைட். படம்.
யாருடைய படம்?
கடைசியானது போன ஜூன்.

ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் எண்: இருநூற்றைம்பது.
அஞ்சல் பாஷையில் அதற்குச்
'சரி, பெற்றுக்கொண்டேன்' என்று அர்த்தம்.
வீசிவிடு என்றால் இப்படித்தான் நடக்கும்.
வாசலில் சிரித்து வாங்குவது,
கொல்லையில் எரிப்பது.
நாற்பத்து மூன்று முறை என் இயந்திரம்
அண்ணனிடம் சரி என்றிருக்கிறது.
படித்துவிட்டுத்தான் பேசாதிருக்கிறேன் என்று
அவன் நினைத்திருப்பான்.
கள்ளக் கையெழுத்து அவனுடையது.
இந்தக் கள்ளச் 'சரி'
என்னுடையது.

வரியை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.
ஒரு சொல்லை மாற்றினேன்:
வீசிவிடு என்றிருந்த இடத்தில், திருப்பு.
திருப்பினால் காரணம் எழுத இடம் தருகிறார்கள்.
எழுதி அழித்து,
ஐலாவின் பெட்டிக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்து,
மறுபடி எழுதினேன்:
'இது வாசிக்கப்படவில்லை.
முன்பு அனுப்பியவையும்.'

சேமித்தேன். உலர்த்தி நின்றுவிட்டிருந்தது.
காலுறைகளை ஜோடி சேர்க்கும்போதுதான் உறைத்தது,
புதிய சர்வருக்கு அவனைத் தெரியாது.
இனி எழுதினால்
அவனையும் முதலில் வாசலில் நிறுத்தி
பிறகு வா என்றுதான் சொல்லும்,
ஐந்து நிமிடம்.