குழி நான்கு, முதல் அடுக்கு

ஓட்டுத்துண்டு கழுவ
நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா.
பழைய பிரஷ் ஒன்று, இரண்டு வாளி,
காயவைக்க ஒரு சாக்கு.
கந்தரோடையின் ஆனி வெயிலில்
எட்டு மணிக்குக் குந்தினால்
மத்தியானத்துக்குள் இருநூறு துண்டுக்கு
இலக்கம் எழுதிவிடுவேன்.

கறுப்பும் சிவப்புமாய் வருபவை கீழ் அடுக்கு.
விளிம்பு தனி, அடி தனி.
"கீறல் உள்ளதை அழுத்தித் தேய்க்காதேங்கோ"
என்பார் தவநேசன் சேர்.
எழுத்தோ என்று கேட்டேன்.
எழுத்தாயும் இருக்கலாம்,
சட்டி யாருடையது என்ற அடையாளமாயும் இருக்கலாம் என்றார்.
கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில் அகதியாய் இருந்தபோது
கஞ்சிச் சட்டியின் அடியில்
நானும் ஆணியால் மூன்று கோடு இழுத்தேன்.
யாரும் அதை வாசிக்கவில்லை.
சட்டி மட்டும் ஒவ்வொரு நாளும் என்னிடம் திரும்பி வந்தது.

சாப்பாட்டு நேரம் மடிக்கணினியில்
சிந்துவெளி காட்டினார்.
எந்த ஊரிலும் ஒரே கணக்கில் செங்கல்.
தெருவோரம் மூடிய வாய்க்கால்.
இறங்கிக் குளிக்கப் படி வைத்த தடாகம்.
அரசன் என்று நிச்சயமாய்ச் சொல்ல
ஒரு முகமும் இல்லை.
அது எனக்குப் பிடித்துக்கொண்டது.

எப்படித் தொடங்கினார்கள்?
ஆறு வண்டல் போட்டது.
வடிந்த சேற்றில் யாரோ ஒருத்தி
ஒரு பிடி வாற்கோதுமை எறிந்து பார்த்திருப்பாள்.
முளைத்தது.
அடுத்த வெள்ளத்துக்கும் அவள் போகவில்லை.
நகரம் என்பது
முதலில் அவ்வளவுதான்.

எங்களுக்கும் ஓர் ஆறு இருக்கிறது.
வழுக்கையாறு என்றால் மற்ற ஊரார் சிரிப்பார்கள்.
கார்த்திகையில் வரும்.
தை பிறக்க, சொல்லாமல் போய்விடும்.
மிச்ச மாதமெல்லாம் மதகுக்குள் ஆடு படுத்திருக்கும்.
அந்தக் கொஞ்ச நாள் தண்ணீரை நம்பித்தான்
இந்தக் குழிக்குள்
ஒருத்தியின் அடுப்புச் சாம்பலுக்கு மேல்
இன்னொருத்தியின் அடுப்பு.

பிறகு ஏன் விட்டுப் போனார்கள்?

மாணவப் பிள்ளைகள் இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள்.
மழை திசை மாறியது என்றாள் ஒருத்தி.
ஆறு வற்றியது என்றான் மற்றவன்.
படை வந்தது என்று முன்பு எழுதினார்கள்,
இப்போது எழுதுவதில்லையாம்.
சேர் மெதுவாய்ச் சொன்னார்:
வாய்க்காலில் குப்பை அடைத்தது, யாரும் அள்ளவில்லை.
பெரிய வீட்டை நான்காய் மறித்தார்கள்.
ஒரு கடையின் படிக்கல்
மற்றக் கடையில் செல்லாமல் போனது.
"ஒரு நாளில் நடந்ததில்லை, அம்மா.
நூறு வருடம், இருநூறு வருடம்."

நான் வாளித் தண்ணீரை மாற்றினேன்.

ஐப்பசி. மழை.
ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று
ஒழுங்கை முகப்பில் நின்று சொல்லிவிட்டுப் போனது.
உலையில் அரிசி போட்டிருந்தேன்.
தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தேன்.
ஆட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.
கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன்.
நாவற்குழிப் பாலம் வரை
முன்னால் போனவரின் முதுகு மட்டுமே தெரிந்தது.

இருநூறு வருடம் என்றாலும், சேர்,
வீட்டுக்கு வீடு
அது ஒரு பின்னேரம்தான்.
இதை நான் சொல்லவில்லை.
வாய்க்குள் இருந்தது.

இன்று குழி நான்கில் ஓரடிதான் இறங்கியிருந்தார்கள்.
கடகத்தில் வந்தவை:
சோடா மூடி, பொலித்தீன்,
பச்சை பிடித்த ரவைக் கோது இரண்டு,
மங்குப் பேணியின் காது ஒன்று, நீலம்.
"இது இப்போதையது, எறியுங்கோ" என்றான் பொடியன்.
பேரேட்டில் அதற்கு நிரல் இல்லை.

நான் கழுவினேன்.
விளிம்பா அடியா என்று யோசித்து
இரண்டிலும் சேராமல்
சாக்கின் மூலையில் வைத்தேன்.
சின்னத் தூரிகையால் இலக்கம் எழுதினேன்:
கு நான்கு, அ ஒன்று.
மங்கில் மை பிடிக்கவில்லை,
வழுக்கி வழுக்கிப் போனது.
ஊதி ஊதித் திரும்ப எழுதினேன்.

நாலு மணிக்குச் சாக்கைச் சுருட்டும்போது பார்த்தேன்.
ஒரு சுழியும் ஒரு கோடும் நின்றிருந்தன.