வெற்றுக் குப்பி

முதலில் ஒன்றுமில்லாததை அளக்க வேண்டும்.
அமிலம் மட்டும், செடி கிடையாது.
அதுதான் சுழி; கணக்கு அங்கிருந்து ஆரம்பம்.
என் சுழி ஒருநாளும் சுழியாக வந்ததில்லை.
தண்ணீரிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ
என் வளையலிலிருந்தோ
கொஞ்சம் துத்தநாகம்
சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மோர்ப்பண்ணைக் கரையில் பதினாறு பொட்டலம்.
சங்கஞ்செடி, உமரி, அடம்பு,
யானை நெருஞ்சில் மட்டும் ஐந்து.
நம்புத்தாய்தான் பிடுங்கித் தந்தாள்,
வேரோடு உலுக்கி, மண்ணைத் தொடையில் தட்டி.
மருந்துக் கடைக்குக் கிலோ நாற்பது ரூபாய்.
எனக்குச் சும்மா: "அரசாங்க வேலைதானே."
தற்காலிகம் என்று நான் சொல்லவில்லை.

ஒரு கொப்பை லோட்டாத் தண்ணீரில் விட்டுச் சுற்றினாள்.
நாலே சுற்று.
தண்ணீர் முட்டை வெள்ளைக்கருபோல் ஆகி
விளிம்பிலிருந்து நூலாய்த் தொங்கியது.
"கல்லடைப்புக்கு. நானே ஆறு மாசமாக் குடிக்கிறேன்."

மூன்று தண்ணீரில் கழுவியும் உப்பு விடவில்லை.
உலர்த்தினேன், பொடித்தேன்,
நைட்ரிக் அமிலத்தில் இரவெல்லாம் கிடந்தன.
பழுப்புப் புகை எழுந்து அடங்கிய காலையில்
முள்ளும் பூவும் பெயரும் போய்
பதினாறும் ஒரே தெளிந்த நீர்.

இரும்பு, சரி. மாங்கனீசு, சரி.
ஈயம் பதினைந்து குப்பிகளில்
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
இல்லை என்று அதற்குப் பொருளில்லை;
கருவியின் காது அவ்வளவுதான்.

பன்னிரண்டாவதில் எண் ஏறிக்கொண்டே போனது.

திரும்ப அளந்தேன்.
வெற்றுக் குப்பியைச் சந்தேகப்பட்டேன்,
பொட்டலத்தின் அச்சு மையை,
பிறகு என் கையை.
நாலாம் நாள் தேவிபட்டினம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பன்னிரண்டு, அவள் வீட்டுப் பின்புறம்.
இரும்புச் சட்டியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது.
வலைக்குக் குண்டு வார்க்கிறான் கொழுந்தன்.
மேலே படரும் ஏட்டைக் கரண்டியால் வழித்து
பார்க்காமலே பின்னால் வீசுகிறான்.
அங்கேதான்
கரையிலேயே கொழுத்த நெருஞ்சில்,
மஞ்சள் பூவோடு, செழிப்பாக,
யாரும் முதலில் அதைத்தான் பிடுங்குவார்கள்.

"என்னம்மா சொல்லுது ஒங்க மிசினு?"

மில்லிகிராம் என்றேன். கிலோவுக்கு இவ்வளவு என்றேன்.
தராசு பிடிக்கிறவள், கிலோ புரிந்தது.
"அம்புட்டுக்குக் கடைக்காரன் எவ்வளவு கழிப்பான்?"

குடிக்காதீங்க என்றேன்.
இந்த இடத்துச் செடியை விற்கவும் வேண்டாம்.
கொழுந்தன் கரண்டியை நிறுத்தினான்.
சட்டியின் விளிம்பு மட்டும்
முதலில் சாம்பல் நிறமாக இறுகியது.

அவள் லோட்டாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"என்னையப் போட்டுப் பாக்க முடியுமா அதுல?"

திட்டத்தில் செடிக்கு மட்டும்தான் பணம்.
ரத்தத்துக்கு வேறு அனுமதி, வேறு துறை,
வேறு கையெழுத்து.
இதையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது என்று
நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே
கையை நீட்டிவிட்டாள்,
மண் தட்டிய அதே கையை,
நரம்பு மேலே தெரியும்படி.

என் பையில் கழுவிய குப்பி ஒன்று இருந்தது.