தீர்மானம் இணைக்கவும்

தலைவர் அறை வாசலில்
'சி. உத்திராபதி' பலகை இன்னும் தொங்குகிறது.
அவர் காலமாகி ஆறு வருடம்.
தேர்தல் வரும், வருகிறது, வழக்கில் இருக்கிறது.
ஆணி துருவேறிப் பிடித்துக்கொண்டது.

நாட்டாற்றுக் கிளை வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி
லூர்துநாதன் கொடுத்த மனுவை
கொம்யூன் அலுவலகத்திலிருந்து நான்தான்
புதுச்சேரிக்கு எடுத்துப்போனேன்.
பூவத்தோடு நம் அரசு முடிந்துவிடும்.
பிறகு மூன்று மணி நேரம் அடுத்த மாநிலம்.
சீர்காழியில் இரண்டு இட்லி, என் காசு.
கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
கீழே கரைகொள்ளாத தண்ணீர்
கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

ஆவணியில் போன கோப்பு
மார்கழியில் திரும்பியது.
பச்சை மையில் ஒரே வரி:
'மன்றத் தீர்மானம் இணைக்கவும்.'

வாசித்துக் காட்டினேன்.
வடியாத மழையில் அழுகிய பயிர் ஒரு பிடி
லூர்துநாதன் கையில் இருந்தது, சாட்சிக்கு.
மேசையில் வைக்கவில்லை, ஈரம் என்று.
என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
உத்திராபதியின் கதவை
இரண்டு தரம் தட்டினார்.

நான் இழுப்பறையைத் திறந்து
சாவியைத் தேடத் தொடங்கினேன்.