எட்டுப் பேருக்கு மேல் இல்லை

'சிறு குழு, எட்டுப் பேருக்கு மேல் இல்லை'
என்று நோட்டீஸில் போட்டிருந்தேன்.
வந்தது ஐந்து.

ஏழரைக்கு எழும்பூர் மியூசியம் வாசலில்
ஏகாம்பரம் வேனுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.
ஏசி பாதிதான் வேலை செய்யும்.
அதை நோட்டீஸில் போடவில்லை.

ஒரு நாள், மூன்று தீவு, ஒரு ஒயின்.
சென்னையில் ஏது தீவு என்று கேட்கிறவர்கள்தான்
பணம் கட்டுகிறார்கள்.
தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தீவுத்திடலில் இறங்கியதும்
சவுகார்பேட்டை கிஷன்லால் நாலா பக்கமும் திரும்பி
தண்ணி எங்கே என்றார்.
பாலம் தாண்டினோமே சார்.
அது கூவம் ஆச்சே.
கூவமும் தண்ணிதான் என்றேன்.
சொல்லும்போது என் குரலை நானே நம்பவில்லை.

பொருட்காட்சி முடிந்த திடல்.
ராட்டினத்தைப் பிடுங்கிய குழியில் நேற்றைய மழை,
அதில் ஒரு டெல்லி அப்பளம்
தட்டு அகலத்துக்கு ஊறிக் கிடந்தது.
கொஞ்சம் தள்ளிச் சாலை நடுவே
அங்கவடி இல்லாத குதிரைமேல் வெள்ளைக்காரர்.
காலைத் தொங்கவிட்டபடி
எங்கள் ஐந்து பேரையும் தாண்டி
எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, சாந்தோம் பக்கம் குயிபிள் தீவு.
கல்லறைத் தோட்டத்தைச் சுற்றுலாவில் சேர்த்தது
என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.
நிகிலாவும் ரேவந்தும் கேட்டுக்கு வெளியே நின்று
இளநீர் குடித்தார்கள்.
பெர்சிஸ் மேடம் மட்டும் உள்ளே போய்
நேரமாகியும் வரவில்லை.
தேடிப்போனால் ஒரு கல்லின் முன் குந்தியிருந்தார்.
என் பேர் போட்டிருக்கு பாரேன்.
வருஷம் தேய்ந்துபோச்சு, வயசு மட்டும் இருக்கு, பத்தொன்பது.
செல்ஃபி எடுத்துக்கொண்டார்,
தலையைக் கொஞ்சம் சாய்த்து,
கூடப் படித்தவளோடு எடுப்பது மாதிரி.

மூன்றாவது காட்டுப்பள்ளி.
அதன் கரையில் பாய் விரித்து
கம்பத்துப் பன்னீர் திராட்சை ஒயினை
நாலு மணி வெயிலில் திறப்பதாகத் திட்டம்.
ஹபீப் சாருக்கு அதே திராட்சையில் ஜூஸ்.

எண்ணூர் சாலையில் இரண்டரைக்கு நின்றது வேன்.
வலது பக்கம் கன்டெய்னர், இடது பக்கம் கன்டெய்னர்,
முன்னால் சிவப்பு, பின்னால் நீலம்.
மூன்றரை.
நாலேகால்.
ஏகாம்பரம் இன்ஜினை அணைத்துவிட்டு
செருப்பையும் கழற்றிவிட்டார்.
அதற்குமேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை,
கார்க்கை இழுத்தேன்.

முதலில் சுழற்றுங்கள், பிறகு மோந்து பாருங்கள்
என்று வீடியோவில் கற்றதைச் சொன்னேன்.
காகிதக் கோப்பைக்குள் மூக்கை விட்டார்கள்.
டீசல் என்றார் ரேவந்த்.
கருவாடு, நெத்திலியாகத்தான் இருக்கும் என்றார் பெர்சிஸ்.
ஹபீப் சார் தன் ஜூஸையும் முறையாக மோந்து
ரப்பர் என்றார்.
திராட்சை எல்லாருக்கும் கடைசியில்தான் வந்தது,
அதுவும் இரண்டாவது ஊற்றில்.

ஸ்டியரிங்மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த
ஏகாம்பரத்துக்கு முறுக்குப் பொட்டலம் மொத்தமும் போனது.
அதில் பாதியை அவர் ஜன்னல் வழியே
மேலே நீட்டினார்.
பக்கத்து டிரைலரின் கிளீனர், நாமக்கல் பையன்,
குனிந்து வாங்கிக்கொண்டு
உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டான்:
என்னண்ணே விசேஷம்?

தீவு பார்க்க வந்திருக்கோம் என்றாள் நிகிலா.

அவன் நிமிர்ந்தான்.
எங்களுக்குத் தெரியாததெல்லாம்
அந்த உயரத்தில் அவனுக்குத் தெரியும்.
முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான்.
எந்தத் தீவு? என்றான்.

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.
யார் என்று நினைவில்லை, நானாகவும் இருக்கலாம்.
காலையிலிருந்து ஒருவரையொருவர்
சார், மேடம் என்றே கூப்பிட்டவர்கள்
ஒரே சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தோம்.

இருட்டியபின் ஒரு லாரி நீளம் நகர்ந்தது சாலை.
பிறகு இன்னொரு லாரி.
திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

எழும்பூரில் மூன்றாம் தீவுக்கான பணத்தை
ஆளுக்கு முந்நூறு என்று நீட்டினேன்.
ஒருவரும் வாங்கவில்லை, கிஷன்லால் தவிர.
விளக்குக்கு அடியில் எண்ணிப் பார்த்தார் அவர்.
அதிலிருந்து ஐம்பதை எடுத்துத் திருப்பித் தந்தார்,
முறுக்குக்கு.