பிழையின் பக்கம்

பாஹாவ் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி,
ஏர்கோனையும் அணைத்துவிட்டுப் பேசினேன்.
ஒன்பதாவது பாட்காஸ்ட்:
அளவையில் பிழை இயல்பு.
கூடும், குறையும்,
பலமுறை அளந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.
நடுவில் ஒரு செம்பனை லோரி கடந்தது.
அதை வெட்டவில்லை, சோம்பல்.

பதினேழு தடவை கேட்டிருந்தார்கள்;
மூன்று தடவை நானே.

விடியுமுன் ஒரு குரல்பதிவு.
ஆலை எடைமேடையில் வேலை, பெயர் குணாளன்.
"அக்கா, நல்லா விளங்குச்சி.
ஆனா ஆறு வருசமா குறிச்சி வச்சிருக்கேன்.
இங்க கூடவே மாட்டேங்குது.
குலை ஏத்தி வர்ற ஒவ்வொரு லோரிக்கும்
குறையுது மட்டும்தான்."

பின்னால் ஹாரன்.
அதே லோரியாக இருக்க
நிகழ்தகவு சொற்பம்.

பத்தாவதுக்குத் தலைப்பு வைக்கவில்லை.
கண்ணாடியை இறக்கிவிட்டே
பேசப்போகிறேன்.