பக்கம் மூன்று

தேவகோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு
மூன்று கடை தள்ளி எங்கள் கடை.
பதினொன்றே முக்காலுக்கு டோக்கன்.
பத்து ஐம்பதுக்கு
'என் சுயபுத்தியுடனும் மனப்பூர்வமாகவும்' வரை அடித்து
அடுத்த எழுத்தை அழுத்துகிறேன்,
வரவில்லை.
கர்சர் மட்டும் துடிக்கிறது,
வாசலில் நின்றுகொண்டு
கூப்பிடாமல் இருமுகிறவரைப் போல.

கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை.
டச்பேடில் விரலை இழுத்தேன்,
வியர்வையோ என்று முந்தானையால் துடைத்து இழுத்தேன்.
அம்பு அசையவில்லை.
தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியதில் விழுந்தவை:
நாலு எள்,
ஒரு ஸ்டேப்ளர் பின்,
தீபாவளி முறுக்கின் ஒரு வளைவு.
"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்றார் முதலாளி.
எல்லா நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே கஷாயம்தான்.
சேமிக்காத இரண்டு பக்கம் உள்ளே கிடப்பதை
நான் அவரிடம் சொல்லவில்லை.

எதிர் நாற்காலியில் சிகப்பி ஆச்சி.
ஆச்சி என்பது இந்த ஊர் மரியாதை; வயது நாற்பத்திரண்டு.
விடியற்காலை பஸ்ஸில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்.
அண்ணன்மார் இருவரும் வெளியே
காரில், ஏசி போட்டுக்கொண்டு.
வளவு வீட்டில் அப்பாவுக்குப் பதினாறில் ஒரு பங்கு,
அதில் மூன்றில் ஒன்று இவருக்கு.
நாற்பத்தெட்டில் ஒன்று.
கணக்குப் போட்டால் ஒரு தூணும்
பாதி நாளைக்கு அதன் நிழலும் வரும்.
அதைத்தான் விட்டுக்கொடுக்க வந்திருக்கிறார்.

அபுதாஹிர் போனில் சொன்னான்:
"மவுஸ் குத்திப் பாருங்கக்கா."
ஜெராக்ஸ் கடையில் இரவல் வாங்கி ஓடிவந்தால்
ஒரு துளை போன வருஷமே உடைந்தது,
இன்னொன்றில் பிரிண்டர்.
பிரிண்டரைப் பிடுங்கினேன்.
அம்பு அசைந்தது!
முதல் வேலையாகச் சேமித்தேன்,
பிறகுதான் மூச்சு விட்டேன்.

திரையிலேயே ஒரு கீபோர்டு இருக்கிறதாம். திறந்தேன்.
ஒவ்வொரு எழுத்தாக,
கோழி கொத்துவதுபோல்.
'இனிமேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ
மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியதையும் இல்லை.'
இல்லை என்று சொல்ல
ஐந்து சொடுக்கு.

ஆச்சி எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.
மற்ற நாட்களில் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை,
என் விரல்கள் அவர்கள் கண்ணைவிட வேகம்.
இன்றைக்கு வாசிக்க நேரம் இருந்தது.

"அந்த மனப்பூர்வமாகவும், அத எடுத்துறலாமா?"

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"அது மாடல் வாசகம்மா. எடுத்தா திருப்பி அனுப்பிருவாங்க."

"அப்ப இருக்கட்டும்" என்றார் ஆச்சி.
கொஞ்சம் பொறுத்து,
"சுயபுத்தியவாவது எடுக்கலாமா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும்தான்.
முதலாளி சிரிக்கவில்லை.
காரிலிருந்து ஒருமுறை ஹாரன் அடித்தது.

அச்சிடு என்று சொடுக்கிவிட்டு
மவுஸைப் பிடுங்கினேன், பிரிண்டரைச் செருகினேன்.
நடுவில் ஒரு நொடி
எதுவும் எதோடும் சேராமல் கிடந்தது கடை.
பிறகு தாள் வந்தது.
பதினொன்று நாற்பத்துமூன்றுக்குக் கையெழுத்து,
ஒவ்வொரு பக்கத்திலும்,
மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்து.

சாயங்காலம் அபுதாஹிர் அடிமூடியைக் கழற்றினான்.
உள்ளே பேட்டரி
எண்ணெயில் போட்ட பூரியாய் உப்பியிருந்தது.
"கீழேருந்து தள்ளித் தள்ளி
ரெண்டு பட்டையையும் கழட்டி விட்டுருக்குக்கா.
மாசக்கணக்கா நடந்திருக்கும்.
டச்பேடு லேசாத் தூக்கலா இருந்திருக்குமே, பாக்கலியா?"

பார்த்தேன்.
மேலே ஸ்கேலை வைத்தால் ஆடியது.
சித்திரை வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

"குத்திராதீங்க, புகை வரும்" என்று
மணல் போட்ட டப்பாவில் அதை எடுத்துப் போனான்.
புது பேட்டரி மதுரையிலிருந்து
வியாழக்கிழமை வருமாம்.
அதுவரை மவுஸ்.
அதுவரை எல்லோருக்கும்
தங்கள் பத்திரத்தை வாசிக்க நேரம் இருக்கும்.